துப்பாக்கியைப் பத்திரமாக வைத்தல்: உரிமதாரரின் பொறுப்பும் திருட்டுத் தடுப்பும்

துப்பாக்கியைப் பத்திரமாக வைத்தல் என்பது, உரிமம் பெற்று வாங்கிய துப்பாக்கியும் அதற்குரிய தோட்டாக்களும் உரிமதாரர் அல்லாத எவர் கைக்கும் போகாதபடி காப்பதைக் குறிக்கும். ‘எவர்’ என்றால் திருடன் மட்டுமல்ல. வீட்டில் ஓடி விளையாடும் பேரப்பிள்ளை, குடித்துவிட்டு வந்து சண்டை போடும் உறவினர், மனமுடைந்து கிடக்கும் ஒருவர் என எல்லோரும் அச்சொல்லில் அடக்கம். இந்தியாவில் இந்தப் பொறுப்பை 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016 ஆம் ஆண்டு ஆயுத விதிகளும் உரிமதாரர்மீது சுமத்துகின்றன. கடலூர், சிதம்பரம் வட்டாரங்களின் நிலைமைகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை அப்பொறுப்பை விளக்குகிறது.

சட்டத்திற்கு உட்பட்ட துப்பாக்கி, சட்டவிரோதத் துப்பாக்கி என்று இரண்டு வகை உண்டு என்பது பொதுவான எண்ணம். உண்மையில் முதல் வகை இரண்டாம் வகையாக மாறுவதற்கு ஓர் இரவு போதும். உடைக்கப்பட்ட பீரோவிலிருந்து வெளியே போன நொடியிலிருந்து அது கணக்கில் இல்லாத துப்பாக்கி. அதனால்தான் உரிமம் வழங்கும்போது செய்யப்படும் சோதனைகளைவிட, உரிமம் வந்தபின் அந்த ஆயுதம் வீட்டில் எங்கே, எப்படி இருக்கிறது என்பது முக்கியமாகிறது.

பின்னணி

பீரங்கிச் சத்தத்தோடு எல்லை வகுக்கப்பட்ட ஊர் கடலூர். 1690 இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி, தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையைச் செஞ்சி மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. கோட்டையைச் சுற்றி எவ்வளவு நிலம் கம்பெனிக்குச் சேரும் என்பதைப் பீரங்கி கொண்டு முடிவு செய்தார்கள். கோட்டையிலிருந்து சுடப்பட்ட குண்டு எட்டும் தூரம் வரை எல்லை. கடலூர் ஊரும் அதற்குள் வந்துவிட்டது. அப்படிச் சேர்ந்த ஊர்களுக்குக் ‘குண்டு கிராமம்’ என்ற பெயர் நெடுங்காலம் வழங்கியது. அந்தக் கோட்டைதான் புனித டேவிட் கோட்டை.

ஆயுதம் வைத்திருப்பவரே ஆள்வார் என்பதை நன்கு அறிந்த ஆங்கிலேயர், பாளையக்காரர் போர் முடிந்ததும் 1801 டிசம்பரில் தென்தமிழ்நாட்டில் மக்கள் ஆயுதம் வைத்திருக்கத் தடை விதித்தனர். 1878 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியா முழுவதும் உரிம முறையைக் கொண்டுவந்தது. இந்தியர்களுக்கு உரிமம் கட்டாயம், ஐரோப்பியர்களுக்கு விலக்கு என்ற பாகுபாடு அதில் இருந்தது. அச்சட்டத்தின் இடத்தில் வந்ததே 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். 1962 அக்டோபர் 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. பழைய சட்டத்தின் நோக்கம் குடிமக்களின் கையிலிருந்து ஆயுதத்தை எடுப்பது. புதிய சட்டம், காரணம் உள்ளவருக்கு ஆயுதத்தைக் கொடுத்து, அதற்கு அவரையே பொறுப்பாளி ஆக்கியது.

யாரிடம் துப்பாக்கி இருக்கிறது

சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் நிலபுலன் உள்ள பழைய குடும்பங்கள் சிலவற்றில், தாத்தா காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கி உண்டு. பயிர்க்காவலுக்கும் வேட்டைக்கும் வாங்கியது. வேட்டை 1972 ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தோடு முடிந்துபோனது. துப்பாக்கி மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது. இவர்களைத் தவிர, வங்கிகளிலும் பணம் ஏற்றிச் செல்லும் வண்டிகளிலும் காவல் பார்ப்பவர்கள் (இவர்களில் முன்னாள் படைவீரர்கள் பலர்), தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருக்கும் வணிகர்களும் அரசியல்வாதிகளும், துப்பாக்கி சுடும் போட்டிகளில் பங்கேற்கும் விளையாட்டு வீரர்கள் ஆகியோர் உரிமதாரர்களில் அடங்குவர்.

நரிக்குறவர் சமூகத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2023 இல் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்ட இச்சமூகத்தவர் கடலூர் மாவட்டத்திலும் வாழ்கின்றனர். குருவி, கொக்கு சுடுவதற்குக் கருமருந்து கெட்டித்து, பால்ரஸ் குண்டு போட்டுச் சுடும் நாட்டுத் துப்பாக்கி அவர்களின் பழைய தொழிற்கருவி. உரிமம் பெற்று வைத்திருந்தவர்களும் அவர்களில் உண்டு. பத்திரமாக வைத்தல் என்ற பேச்சு எழும்போது இரும்புப் பெட்டகம், சுவரில் பதித்த அலமாரி என்று அறிவுரை சொல்வது எளிது. குடிசையிலும் கூடாரத்திலும் குடியிருப்பவருக்கு அந்த அறிவுரை எட்டாது. அவர்களுக்குப் பொருந்துவது காவல் நிலையத்தில் ஒப்படைத்து வைக்கும் வசதிதான். கர்நாடகத்தின் குடகு மக்களுக்கு உரிமம் பெறுவதிலிருந்தே விலக்கு உண்டு. தமிழ்நாட்டில் எந்தச் சமூகத்துக்கும் அவ்வாறான நடைமுறை கிடையாது.

சட்டம் கேட்பது

கடலூர் மாவட்டத்தில் துப்பாக்கி உரிமம் வழங்கும் அதிகாரி மாவட்ட ஆட்சியர். விண்ணப்பம் வந்ததும் உரிய காவல் நிலையத்திலிருந்து அறிக்கை பெற்ற பிறகே அவர் முடிவெடுப்பார். விண்ணப்பதாரருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். மனநலம், உடல்நலம் குறித்த மருத்துவச் சான்று வேண்டும். 2016 ஆம் ஆண்டு விதிகள் இரண்டு புதிய கடமைகளைச் சேர்த்தன. ஒன்று, ஆயுதத்தைக் கையாளும் பாதுகாப்புப் பயிற்சி. மற்றொன்று, துப்பாக்கியைப் பத்திரமாக வைப்பேன் என்று எழுத்தில் தரும் உறுதிமொழி. இந்த உறுதிமொழியைப் பலர் விண்ணப்பத்தோடு இணைக்கும் இன்னொரு தாளாகவே கருதிக் கையெழுத்திடுகிறார்கள். பின்னாளில் ஏதேனும் நேர்ந்தால் முதலில் எடுத்துப் பார்க்கப்படும் தாள் அதுதான்.

2019 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. உரிமத்தின் காலம் மூன்று ஆண்டுகளிலிருந்து ஐந்து ஆண்டுகளாக நீண்டது. புதுப்பிக்கும் இடைவெளி நீண்டிருப்பதால், அதிகாரிகள் கண்ணில் படாமல் துப்பாக்கி வீட்டில் கிடக்கும் காலமும் நீண்டிருக்கிறது என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும்.

உரிமத்தில் அச்சிட்டுள்ள நிபந்தனைகளை உரிமதாரர்கள் படிப்பது அரிது. அவற்றில் இரண்டு இவ்வட்டாரத்துக்கு மிகவும் பொருந்தும். சந்தை, திருவிழா, சமய ஊர்வலம், பொதுக்கூட்டம் ஆகியவற்றுக்குத் தனி அனுமதி இன்றித் துப்பாக்கியை எடுத்துச் செல்லக் கூடாது. கல்வி நிறுவன வளாகத்துக்குள்ளும் கொண்டுபோகக் கூடாது. சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத்துக்கும் ஆருத்ரா தரிசனத்துக்கும் தேரோடும் நான்கு வீதிகளும், அண்ணாமலைப் பல்கலைக்கழக வளாகமும், தேவனாம்பட்டினத்தில் மாசிமகம் நடைபெறும் கடற்கரையும் இந்த நிபந்தனைக்குள் வந்துவிடும். அப்படியானால் திருவிழா நாளில் துப்பாக்கி எங்கே இருக்கும்? வீட்டில்தான். வீட்டார் எல்லோரும் தேர் பார்க்கப் போயிருக்க, வீடு பூட்டிக் கிடக்கும். சட்டம் ஒரு பக்கம் அடைக்க, மறுபக்கம் திறக்கிற இடைவெளி இது. இதை அடைக்க வேண்டியவர் உரிமதாரர்.

நிபந்தனையை மீறினால் சட்டத்தின் 30 ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். அபராதத் தொகை இன்றைய விலையில் ஒரு நல்ல இரும்புப் பெட்டகத்துக்குக்கூடக் காணாது. உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருப்பவருக்கோ, 2019 திருத்தத்துக்குப் பின், குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை. திருடியவருக்கும் அஜாக்கிரதையாக விட்டவருக்கும் இடையே சட்டம் வைத்திருக்கும் இந்தத் தூரம் அதிகம்தான். ஆனால் அபராதத்தோடு எல்லாம் முடிவதில்லை. உரிமத்தை நிறுத்தி வைக்கவும் ரத்து செய்யவும் ஆட்சியருக்கு அதிகாரம் உண்டு. கவனக்குறைவால் உயிர் போனால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதையின் கீழ்த் தனி வழக்கும் வரும்.

திருட்டு எப்படி நேர்கிறது

துப்பாக்கியைத் திருட என்றே வீட்டுக்குள் நுழைபவன் குறைவு. பூட்டிய வீட்டை நோட்டமிட்டு நகைக்கும் பணத்துக்கும் வருகிறவன்தான் பெரும்பாலும் பீரோவை உடைக்கிறான். நகை இருக்கும் அதே பீரோவில் துப்பாக்கியும் இருந்தால் அதுவும் போகிறது. நம் வீடுகளில் ‘பத்திரம்’ என்றாலே பீரோ என்ற பழக்கம் இருப்பதால், திருடன் முதலில் கைவைக்கும் இடத்திலேயே ஆயுதமும் காத்திருக்கிறது. நகைக்கும் துப்பாக்கிக்கும் ஒரே பெட்டகம் கூடாது என்பது இதிலிருந்து வரும் முதல் பாடம்.

அடுத்தது விளம்பரம். பழைய வீடுகளில் கூடத்துச் சுவரில் மான்கொம்புக்குக் கீழே துப்பாக்கியை மாட்டி வைப்பது கௌரவமாக இருந்தது. இன்று அந்த வேலையைக் கைப்பேசி செய்கிறது. கல்யாண வீட்டில் துப்பாக்கியோடு எடுத்த படத்தை வாட்ஸ்அப் நிலைத்தகவலாக வைப்பவர், தன் வீட்டில் என்ன இருக்கிறது என்று ஊருக்கே அறிவிக்கிறார். கொண்டாட்டத்தில் வானத்தை நோக்கிச் சுட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிப்பது 2019 முதல் தனிக் குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கும்.

மூன்றாவது வழி, நம்பிக்கை. வெளியூர் போகும்போது ‘பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகலாம்’ என்பது நகைக்குச் சரியாக இருக்கலாம். துப்பாக்கிக்குச் சரிவராது. உரிமமில்லாத அண்டை வீட்டார் அதை வாங்கி வைத்த நொடியில் அவர் சட்டவிரோதமாக ஆயுதம் வைத்திருப்பவர் ஆகிவிடுவார். கொடுத்தவர் மேலும் குற்றம் சேரும். மச்சான், மருமகன், கணக்குப்பிள்ளை எல்லோருக்கும் இதே கதிதான்.

காவல் நிலைய ஆயுதங்களுக்கும் இந்த ஆபத்து இருந்திருக்கிறது. கடலூர் மாவட்டத்தை ஒட்டிய ஆண்டிமடம் காவல் நிலையம் 1997 இலும், ஈரோடு மாவட்டம் வெள்ளித்திருப்பூர் காவல் நிலையம் 1998 டிசம்பரிலும் ஆயுதக் குழுக்களால் தாக்கப்பட்டுத் துப்பாக்கிகள் பறிபோயின. இலங்கையில் 1987–89 கிளர்ச்சியின்போது ஜே.வி.பி.யினர் கிராமங்களில் உரிமம் பெற்ற வேட்டைத் துப்பாக்கிகளை வீடு வீடாகச் சென்று பறித்தனர். 2023 இல் மணிப்பூரில் காவல்துறைக் கிடங்குகளிலிருந்து ஆயிரக்கணக்கில் ஆயுதங்கள் சூறையாடப்பட்டன. காவலரிடமிருந்தோ படையினரிடமிருந்தோ துப்பாக்கியை வன்முறையால் பறிப்பவருக்குப் பத்தாண்டு முதல் ஆயுள் வரை தண்டனை என்று 2019 இல் சட்டம் கடுமையாக்கப்பட்டது. பாரா நிற்கும் இடத்திலேயே இது நடக்கும் என்றால், ஆளில்லாத வீட்டைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

வீட்டில் வைக்கும் முறை

அடிப்படை விதி ஒன்றே: குண்டு நிரப்பிய துப்பாக்கி வீட்டில் இருக்கக் கூடாது. ‘அவசரத்துக்கு உதவுமே’ என்று நிரப்பி வைப்பவர்களுக்கு 2024 அக்டோபர் 1 அன்று மும்பையில் நடந்ததைச் சொல்லலாம். இந்தி நடிகர் கோவிந்தா வெளியூர் கிளம்பும் அவசரத்தில், உரிமம் பெற்ற தன் ரிவால்வரை எடுத்து வைக்கும்போது அது கைதவறி வெடித்தது. குண்டு அவருடைய இடது காலில் பாய்ந்தது. திருடனும் இல்லை, எதிரியும் இல்லை. தோட்டா உள்ளே இருந்தது, அவ்வளவுதான்.

தோட்டாவை எடுத்துவிட்டோமா என்று சோதிப்பதில் வகைக்கு வகை வேறுபாடு உண்டு. மடக்கித் திறக்கும் இரட்டைக் குழல் துப்பாக்கியில் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். ரிவால்வரில் சுழல் உருளையின் ஒவ்வோர் அறையையும் பார்க்க வேண்டும். பிஸ்டலில்தான் ஏமாற்றம் அதிகம். அடியில் இருக்கும் தோட்டாப் பெட்டியை உருவிவிட்டால் காலி என்று நினைப்பார்கள். குழலின் பின்வாயில் ஏற்கெனவே ஏறிய ஒரு தோட்டா அங்கேயே இருக்கும். அதனால் பெட்டியை உருவிய பின் மேற்பகுதியைப் பின்னுக்கு இழுத்து, உள்ளே கண்ணால் பார்க்க வேண்டும். இருட்டாக இருந்தால் விரலாலும் தொட்டுப் பார்க்க வேண்டும்.

நாட்டுத் துப்பாக்கியின் ஆபத்து வேறு விதம். குழலின் முன்வாய் வழியாக மருந்தும் குண்டும் கெட்டிக்கப்படுவதால், நிரம்பியிருக்கிறதா இல்லையா என்பது வெளியே தெரியாது. பல ஆண்டுகளுக்கு முன் கெட்டித்துச் சுடாமல் விட்ட மருந்து இன்னும் உள்ளே இருக்கலாம். கெட்டிக்கும் கம்பியைக் குழலுக்குள் விட்டு, அது அடிவரை போகிறதா என்று வெளிப்புற நீளத்தோடு ஒப்பிட்டு அறிவது பழைய முறை. சந்தேகம் இருந்தால் வீட்டில் நோண்டாமல், ஆயுதம் பழுதுபார்க்க உரிமம் பெற்ற தொழிலாளியிடமோ காவல் நிலையத்திலோ சொல்வதே சரி.

காலியான துப்பாக்கியை, சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டுப் பதித்த இரும்புப் பெட்டியில் பூட்ட வேண்டும். பதிக்காத பெட்டியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டே போய்விடலாம். இரட்டைக் குழல் துப்பாக்கியைக் குழல், கட்டை எனப் பிரிக்க முடியும் என்பதால் இரண்டையும் தனித்தனி இடத்தில் பூட்டுவது இன்னும் நல்லது. பாதி கிடைத்தவனுக்குப் பயனில்லை. விசையை மூடிப் பூட்டும் சிறு பூட்டுகளும், குழல் வழியே நுழைத்துப் பூட்டும் கம்பிவடப் பூட்டுகளும் உண்டு. இவை குழந்தைகளைத் தடுக்கும். திருடனைத் தடுக்காது.

தோட்டாக்களுக்கு வேறு அறையில், வேறு பூட்டு, வேறு சாவி. எண்ணிக்கையை ஒரு சிறு நோட்டில் தேதியோடு எழுதிவைக்க வேண்டும். தோட்டாவைத் துப்பாக்கியின் சிறு துணைப்பொருள் என்று எண்ணுபவர்கள் உண்டு. சட்டத்தின் கண்ணில் அதுவும் துப்பாக்கிக்குச் சமமான கவனத்துக்கு உரியது. 2024 ஜூன் மாதத் தொடக்கத்தில் சென்னை விமான நிலையத்தில் ஒரு நடிகரின் கைப்பையைச் சோதித்தபோது 40 தோட்டாக்கள் இருந்தன. தேர்தலுக்காகத் துப்பாக்கியை ஒப்படைத்திருந்த அவர், பையில் தோட்டா இருந்ததை மறந்துவிட்டதாகச் சொன்னார். உரிமம் இருந்தது. பயணம் மட்டும் நின்றது. பையிலும் காரின் முன்பெட்டியிலும் தோட்டாவைப் போட்டு மறப்பது இப்படித்தான் வெளிப்படும்.

பூட்டு எவ்வளவு உறுதியானாலும் சாவி வீட்டார் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் இருந்தால் பயனில்லை. பீரோ மேல்தட்டு, பூஜை அறை விளக்கு மாடம், அரிசிப் பானை ஆகிய மூன்றும் பிள்ளைகளுக்கும் திருடர்களுக்கும் நன்கு தெரிந்த இடங்கள். சாவி உரிமதாரரின் உடம்போடு இருக்க வேண்டும், அல்லது எண் பூட்டு வேண்டும்.

வீட்டில் ஒருவர் மனச்சோர்வில் இருந்தால், அல்லது குடும்பச் சண்டை முற்றியிருந்தால், துப்பாக்கி சிறிது காலம் வீட்டிலேயே இருக்கக் கூடாது. இதை யாரும் வெளியே பேசுவதில்லை. பாதுகாப்பாக வைத்திருக்கும்படி காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைக்கச் சட்டத்தில் வழியுண்டு. காரணம் விளக்க வேண்டும் என்று தயங்கத் தேவையில்லை. வெளியூர்ப் பயணத்தைச் சொல்லி ஒப்படைத்தாலும் போதும்.

காற்றுத் துப்பாக்கியைப் பற்றி ஒரு சொல். முகவாய் ஆற்றல் 20 ஜூலுக்கும், குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும் மிகாத ஏர்கன்னுக்கு உரிமம் தேவையில்லை. அதனாலேயே அது விளையாட்டுப் பொருள் போல மாடிப்படிக்கு அடியில் சாய்த்து வைக்கப்படுகிறது. கண்ணைப் பறிக்க அந்த ஆற்றல் போதும். அதையும் பூட்டித்தான் வைக்க வேண்டும்.

உப்புக்காற்றும் புயலும்

உள்நாட்டு ஊர்களுக்கு இல்லாத இரண்டு சிக்கல்கள் கடலூருக்கு உண்டு. முதலாவது உப்புக்காற்று. தோல் உறையிலோ துணி உறையிலோ மாதக்கணக்கில் வைத்த துப்பாக்கி ஈரத்தை உறிஞ்சித் துருப்பிடிக்கும். உறை எடுத்துச் செல்வதற்கு, வைப்பதற்கு அல்ல. லேசாக எண்ணெய் பூசிப் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் போட்டு வைப்பது வழக்கம். நமத்துப்போன தோட்டா விசையை இழுத்தவுடன் வெடிக்காமல் சில நொடி கழித்து வெடிக்கக்கூடும். ஆகவே பழைய தோட்டாக்களைச் சேர்த்து வைக்காமல் ஒப்படைத்துவிட வேண்டும். குப்பையிலோ குளத்திலோ போடுவது தவறு.

இரண்டாவது புயலும் வெள்ளமும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை, 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த ‘தானே’ புயல், 2015 பெருமழை வெள்ளம் ஆகியவற்றில் இம்மாவட்டத்து மக்கள் வீட்டை அப்படியே விட்டு வெளியேற நேர்ந்தது. கூரை பறந்த வீட்டில் பூட்டுக்கு என்ன மதிப்பு? முகாமுக்கும் மண்டபத்துக்கும் துப்பாக்கியோடு போக முடியாது. புயல் எச்சரிக்கை வந்தவுடன், சாலை துண்டிக்கப்படுவதற்கு முன்பே, காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது பெறுவதுதான் வழி. உரிமப் புத்தகத்தின் நகலும் துப்பாக்கி எண்ணும் கைப்பேசியில் படமாக இருந்தால், மூலத் தாள் நனைந்துபோனாலும் அடையாளம் காட்ட முடியும்.

தேர்தல் கால ஒப்படைப்பு

தேர்தல் அறிவிக்கப்பட்டதும் உரிமதாரர்கள் துப்பாக்கிகளை ஒப்படைக்க வேண்டும் என்று ஆட்சியர் அறிவிப்பு வெளியிடுவது கடலூர், சிதம்பரம் மக்கள் நாளிதழில் படித்துப் பழகிய செய்தி. தேர்தல் ஆணையத்தின் நெறிமுறைப்படி மாவட்ட அளவில் ஒரு குழு உரிமங்களைப் பரிசீலிக்கும். வங்கிக் காவலர், துப்பாக்கி சுடும் வீரர் போன்றோருக்கு விலக்கு தரப்படும். 2024 மக்களவைத் தேர்தலில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19, முடிவு ஜூன் 4. ஆக ஏறத்தாழ மூன்று மாதம் துப்பாக்கிகள் காவல் நிலையப் பொறுப்பில் இருந்தன.

இதைத் தொல்லையாகப் பார்ப்பவர்கள் உண்டு. துப்பாக்கி இன்னும் வீட்டில் இருக்கிறதா, எண் சரியாக இருக்கிறதா, துருப்பிடித்திருக்கிறதா என்பதை உரிமதாரரே கட்டாயமாகப் பார்க்கும் தருணம் பல வீடுகளில் இது ஒன்றுதான். ஒப்படைக்கும்போது தோட்டாக்களையும் எண்ணிக் கொடுக்க வேண்டும். ரசீதில் எண்ணும் வகையும் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று ரைட்டர் முன்னிலையிலேயே சரிபார்க்க வேண்டும். திரும்பப் பெறாமல் அங்கேயே விட்டுவிடுவதும் கூடாது.

உரிமதாரர் இறந்த பின்

மிகுந்த கவனம் வேண்டிய இடம் இதுதான். மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான். உரிமம் ஓர் ஆளுக்கு வழங்கப்படுவது. அவர் இறந்ததும் அந்த உரிமத்தால் வீட்டில் வேறு யாரும் துப்பாக்கியை வைத்திருக்க முடியாது. பட்டா, வங்கிக் கணக்கு, ஓய்வூதியம் என்று எல்லாவற்றையும் பெயர் மாற்ற அலையும் குடும்பம், பரணில் கிடக்கும் துப்பாக்கியை நினைப்பதில்லை. மனைவிக்கு அது எங்கே இருக்கிறது என்றே தெரியாது. மகன் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பார். வீடு பூட்டிக் கிடக்கும். சாவி வேலைக்காரரிடம் இருக்கும். திருட்டுக்கு இதைவிட வசதியான இடம் வேறில்லை.

சட்டத்தின் 21 ஆம் பிரிவு இதற்கு வழி சொல்கிறது. வைத்திருக்கும் உரிமை எந்தக் காரணத்தால் முடிந்தாலும், தேவையற்ற தாமதம் இன்றி அருகிலுள்ள காவல் நிலையத்தில், அல்லது உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தபின் வாரிசு தன் பெயரில் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம், அல்லது உரிமம் உள்ள இன்னொருவருக்கு விற்றுவிடலாம். குறித்த காலத்துக்குள் இரண்டும் செய்யாவிட்டால் அது அரசுடைமை ஆகும். ஒப்படைக்காமல் விட்டால் நிலைமை சிக்கலாகும். 35 ஆம் பிரிவின்படி, பலர் சேர்ந்து வாழும் வீட்டில் ஆயுதம் இருப்பது தெரிந்தும் இருந்தவர்கள் ஒவ்வொருவரும் பொறுப்பாளிகளாகக் கருதப்படலாம். ‘அப்பா வைத்திருந்தது’ என்பது பதிலாகாது.

இறக்கும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. உரிமதாரருக்கு 70 வயது நிறைந்தாலோ, துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசின் பெயருக்கு மாற்ற 2016 விதிகள் இடம் தருகின்றன. வாரிசுக்கு விருப்பம் இல்லை என்றால் விற்றுவிடுவதே நல்லது. பார்வை மங்கி, கை நடுங்கும் வயதில் ஒருவர் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருப்பதில் யாருக்கும் பாதுகாப்பு இல்லை.

பிற நாடுகளில்

2009 மார்ச் 11 அன்று ஜெர்மனியின் வின்னென்டன் என்ற ஊரில், 17 வயது இளைஞன் தான் முன்பு படித்த பள்ளியில் தொடங்கி 15 பேரைச் சுட்டுக் கொன்றான். துப்பாக்கி அவன் தந்தையுடையது, உரிமம் பெற்றது. மற்ற ஆயுதங்கள் பெட்டகத்தில் பூட்டியிருக்க, அந்த ஒரு பிஸ்டல் மட்டும் படுக்கையறையில் பூட்டாமல் இருந்தது. தந்தை கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டார். அதே ஆண்டில் ஜெர்மனி, சந்தேகம் எதுவும் இல்லாவிட்டாலும் உரிமதாரர் வீட்டில் ஆயுதம் வைக்கப்பட்டிருக்கும் முறையை அதிகாரிகள் சோதிக்கலாம் என்று சட்டம் திருத்தியது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 2021 நவம்பர் 30 அன்று ஒரு மாணவன் பள்ளியில் நான்கு மாணவர்களைச் சுட்டுக்கொன்ற வழக்கில், துப்பாக்கியை அவன் கைக்கு எட்டாமல் வைக்கத் தவறிய பெற்றோர் இருவருக்கும் 2024 இல் 10 முதல் 15 ஆண்டு வரை சிறை விதிக்கப்பட்டது. இந்தியாவில் பள்ளிகள் அந்த அளவு துயரத்தைக் கண்டதில்லை. வீடுகளில் துப்பாக்கிகள் குறைவு என்பது அதற்கு ஒரு காரணம்.

திருடுபோனால்

திருட்டு தெரிந்தவுடன் அருகிலுள்ள காவல் நிலையத்தில் தகவல் தர வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனை. ‘வீட்டில் இன்னொரு முறை தேடிப் பார்ப்போம்’, ‘உறவுக்காரப் பையன் எடுத்திருப்பான், விசாரிப்போம்’ என்று நாள் கடத்துவதே நிபந்தனை மீறல் ஆகிவிடும். தாமதித்த அந்த நாட்களில் துப்பாக்கி ஏதேனும் குற்றத்தில் பயன்பட்டால், முதல் விசாரணை உரிமதாரரிடம்தான் தொடங்கும். இணையவழிப் புகார் வசதி இருந்தாலும் இதற்கு நேரில் போவதே முறை. சிதம்பரம் நகரத்துக்காரர் நகரக் காவல் நிலையத்துக்கும், வளாகத்தை ஒட்டி இருப்பவர் அண்ணாமலை நகர் காவல் நிலையத்துக்கும் போவார். எந்த எல்லை என்று குழம்பினால் அருகில் இருப்பது எதுவோ அதில் சொல்லலாம்.

புகாரில் உரிம எண், துப்பாக்கியின் வகை, தயாரிப்பு நிறுவனம், குழலில் பொறித்த எண், தோட்டாக்களின் எண்ணிக்கை, கடைசியாகப் பார்த்த நாள் ஆகியவை வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலைப் பெற்று, உரிமம் வழங்கிய ஆட்சியர் அலுவலகத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பெட்டியை உடைத்த இடத்தைக் கைரேகைப் பிரிவினர் பார்க்கும்வரை தொடக் கூடாது. பொறித்த எண்ணைச் சுரண்டி அழிப்பது தனிக் குற்றம். அப்படி அழித்தாலும், உலோகத்தில் அழுந்திய தடத்தை வேதிப்பொருள் கொண்டு மீட்டெடுக்கத் தடய அறிவியல் ஆய்வகங்களால் பல நேரங்களில் முடிகிறது.

துப்பாக்கி கிடைத்துவிட்டாலும் நேராக வீட்டுக்கு வந்துவிடாது. அது வழக்குச் சொத்து. நீதிமன்றத்தில் மனு செய்து, உத்தரவு பெற்றுத்தான் திரும்ப வாங்க வேண்டும். அந்த நாளில் உரிமம் நடப்பில் இருக்க வேண்டும் என்பதால், வழக்கு நடக்கும் காலத்திலும் புதுப்பிக்கும் தேதியைத் தவறவிடக் கூடாது.